பக்கீர் நானாவின் மஞ்சள் நிறம்

எங்கள் சங்கக் கூட்டத்துக்குப் பக்கீர் நானா வந்துவிட்டாரா என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. கீழே கடை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். மாடிப்படியில் ஓர் இருமல் கேட்கும். அதற்குப் பின்னால், "கதிரையளை ஒழுங்கா வையுங்கோ, இதென்ன கலியாண வீடா?" என்ற குரல் வரும். அதுவரை மண்ணெண்ணெய் விலையில் தொடங்கி அரசாங்கத்தையே கவிழ்த்து முடித்திருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கதிரையை இழுப்பார்கள்.

நான் தங்கேஸ்வரி. மீன் சந்தைக்குப் போகும் வழியில் படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கயிறு, பெயின்ற், ஒயில் எல்லாம் உண்டு. அப்பா தொடங்கிய கடை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். கப்பலிலிருந்து எவ்வளவு பெரிய சாமானையும் பூப்போல இறக்குவார். பாலையூற்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருத்தச் சொன்னால் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. ஆகவே கடை என் பொறுப்பு. கடையின் மேல்மாடியில்தான் மாவட்டத்துக் கடல் எஞ்சின் திருத்துநர் சங்கம் கூடுகிறது. மாதாமாதம் போயா என்ற பௌர்ணமி விடுமுறையில் கூட்டம். மாடிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருப்பதால் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எஞ்சின் திருத்துபவள் இல்லை, அதனால் எனக்கு வாக்கு இல்லை. வாய் இருக்கிறது.

பக்கீர் நானா கிண்ணியாக்காரர். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் அவருடைய கராஜ். அறுபதை நெருங்கும் மனிதர். நல்ல உயரம், அதைவிட நல்ல பிடிவாதம். தேநீரில் அவர் போடும் சீனியைப் பார்த்தால் நமக்குப் பல் கூசும். எஞ்சினைத் தொடுமுன் கையைத் துணியில் துடைப்பார். எஞ்சின் முழுக்க ஒயிலும் உப்பும் அப்பியிருக்கும், கைதான் சுத்தமாக இருக்கும். "எதுக்கு நானா இந்தச் சடங்கு?" என்று கேட்டால், "வீட்டுக்குள்ள போகேக்க செருப்பைக் கழட்டுறமே, அதுமாதிரித்தான்" என்பார். அவருடைய மனைவி ரபீக்கா என் கடைக்கு வந்தால் ஒரே முறைப்பாடுதான். "தங்கேஸ், எங்கட குசினிக் கதவு ஒரு வருசமாத் தொங்குது. அதையும் சங்க யாப்பில எழுதிவிடுங்க. அப்பதான் இந்த மனுசன் திருத்துவார்."

அவர் யாப்பு யாப்பு என்று சங்கத்தின் சட்டதிட்டங்களோடு அலைவதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் முடிந்து மீன்பிடிக்கக் கடல் திறந்த காலத்தில் இந்தக் கரையெங்கும் எஞ்சின்கள் பெருகின. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் திருத்துநர் ஆனான். ஓர் எஞ்சினை மூன்று பேர் திறப்பார்கள். நடுக்கடலில் அது நின்றுபோனால் முதலாமவன் இரண்டாமவனைச் சொல்லுவான், இரண்டாமவன் மூன்றாமவனைச் சொல்லுவான், மூன்றாமவன் "நான் தொடவேயில்லை" என்று சத்தியம் செய்வான். அப்படி ஒரு முறை மூதூர்ப் படகு ஒன்று இரண்டு இரவு கடலில் இழுபட்டு, வேறு படகுக்காரர் கண்ணில் பட்டுப் பிழைத்துவந்தது. கரையில் நின்ற சனம் அந்த மூன்று பேரையும் தேடி அடிக்கப் போனது. தேடப்பட்டவர்களில் பக்கீர் நானாவும் ஒருவர். அவர் அந்த எஞ்சினைப் பார்த்தது உண்மை, தொடாதது உண்மை. ஆனால் அதை எதைக் காட்டி நிரூபிப்பது?

அதற்குப் பிறகுதான் நகரம், கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று ஒவ்வொரு இடமாகப் போய்த் திருத்துநர்களைக் கூட்டினார். முதல் கூட்டத்திலேயே சண்டை. சங்கத்தின் நோக்கம் என்ன என்பதில் பிடித்த சண்டை மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டியது. எல்லாருக்கும் "அங்கத்தவர் நலன்" என்று போட ஆசை. வேறு சங்கங்களின் யாப்பிலும் அதுதானே இருக்கிறது. பக்கீர் நானா மட்டும் அசையவில்லை. "எங்கட எஞ்சினை நம்பிப் போறவன் திரும்பி வரவேணும். அதுதான் முதல் வரி. எங்கட நலன் ரெண்டாவதா வரட்டும்" என்றார். அன்று அவரோடு நேருக்கு நேர் நின்று வாதாடியவன் மூதூர் ஹஸ்மி. அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "எங்களைப் பார்க்காத சங்கத்துக்கு நாங்க ஏன் வரவேணும் நானா?" என்று கேட்டான். கேள்வியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பசி தீர்ப்புச் சொன்னது. பக்கீர் நானாவின் வரி முதலாவதாக நின்றது.

அந்த வரியிலிருந்து பிறந்ததுதான் நிற வழக்கம். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். எஞ்சினைத் திறந்து வேலை பார்த்தவர், மூடும்போது தலைப்பக்கத்துப் போல்ட்டில் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்கவேண்டும். போல்ட்டிலும் அதன் கீழே உள்ள உடம்பிலும் சேர்த்து வைத்த பொட்டு. அடுத்த முறை யார் போல்ட்டைத் திருகினாலும் பொட்டு உடைந்துவிடும். கடைசியாகக் கைவைத்தவர் யார் என்பதற்கு எஞ்சினே சாட்சி. நிறம் வைத்தவரைக் கேட்காமல் வேறு அங்கத்தவர் அதைத் திறக்கக்கூடாது. பாகம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால் எஞ்சினைக் கராஜில் வைத்திருக்காமல் மூடி, பொட்டு வைத்து, சொந்தக்காரரிடமே விடவேண்டும். அப்போதுதான் சாமானை மாற்றிவிட்டான் என்ற பேச்சு எழாது. கேட்காமல் திறந்த அங்கத்தவரின் நிறம் அந்த மீன்பிடிப் பருவம் முழுக்கப் பறிபோகும். நிறமில்லாதவரிடம் இந்தக் கரையில் யாரும் எஞ்சின் கொடுப்பதில்லை. எனக்கும் இதில் லாபம் உண்டு என்பதை மறைப்பானேன், பெயின்ற் என் கடையில்தான் வாங்குகிறார்கள். பக்கீர் நானாவுக்கு மஞ்சள். ஹஸ்மிக்கு நீலம்.

போன வருடம் பங்குனி கழிந்து கடல் அடங்கிய சமயம். சல்லிக் கிராமத்திலிருந்து மீனவர் யோகராசா கடைக்கு வந்தார். என்றும் சிரித்தபடி வந்து கயிற்றுக்கு விலை குறைக்கக் கேட்பவர், அன்று எதையும் கேட்காமல் கதிரையில் உட்கார்ந்தார். பக்கீர் நானாவும் அங்கே இருந்தார்.

"பக்கீர் அண்ணை, என்ட எஞ்சின் கரையில வாடிக் கொட்டிலுக்குள்ள கிடக்கு. ஹஸ்மி திறந்து பார்த்திட்டு, உள்ளுக்க பெயரிங் போயிட்டுது, கொழும்பால வரவேணும் எண்டு மூடிப்போட்டுப் போனவர். வரும் வரும் எண்டுறார். ஊரெல்லாம் சூரை பிடிக்குது. நான் கரையில நிண்டு அவங்கட படகைத் தள்ளிவிடுறன்."

"ஹஸ்மி சொன்னா வரும்" என்றார் நானா.

"அவர் நிலாவெளியில வெள்ளைக்காரரை ஏத்துற படகுகளோட மினக்கெடுறார் அண்ணை. எங்களைப் போல ஆக்கள் பிறகுதானே. நீங்கள் ஒருக்காத் திறந்து பாருங்கோ."

"நீலம் வச்சிருக்கு. என்னால ஏலாது."

யோகராசா எழுந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்தச் சட்டத்தை நீங்கள்தானே அண்ணை எழுதினது? கடலுக்குப் போறவனுக்காக எண்டு சொல்லித்தானே எழுதினனீங்கள்?"

அந்தக் கேள்வி நானாவுக்குள் எங்கே போய்த் தைத்தது என்பதை முகத்திலேயே பார்த்தேன். சீனி போட்டுக் கலக்கிய தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டார். அத்தனை சீனியும் வீண்.

என் முன்னாலேயே ஹஸ்மிக்குத் தொலைபேசி எடுத்தார். ஹஸ்மி பாகம் வரும் என்றான். "அப்ப நீயும் நானும் போய்த் திறந்து ஒருக்காப் பார்ப்பம்" என்றார் நானா. அந்தப் பக்கம் ஹஸ்மியின் குரல் எனக்கே கேட்டது. "தலைவர் எண்டபடியா என்ட வேலையைச் சோதிக்கப் போறீங்களோ? என்ட நிறத்தில நம்பிக்கை இல்லாட்டி எதுக்கு நானா எனக்கு நிறம் தந்தீங்க?" அத்தோடு வைத்துவிட்டான்.

ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. அதற்கு முந்திய பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு ஹஸ்மி நானாவோடு போட்டியிட்டுச் சொற்ப வாக்கில் தோற்றவன். மூதூர்ப் பக்கத்தார் பாதிப்பேர் தனியாக ஒரு சங்கம் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அவன்மேல் கொஞ்சம் எரிச்சல்தான். அந்தப் பெயரிங்கை என்னிடம் கேட்காமல் நேரே கொழும்பில் ஓடர் பண்ணியிருந்தான். ஓடர் பண்ணியதாகச் சொன்னான் என்றுதான் நான் அன்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இறக்குமதி இறுகி, சாதாரண ஆணிக்கே நாங்கள் கையைப் பிசைந்த காலம் அது என்பதை என் வாய் வசதியாக மறந்துவிட்டது.

சில நாள் கழித்து, வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம், பக்கீர் நானா கடைக்குள் வந்தார். சல்லிப் பக்கமிருந்து வந்திருந்தார். காலில் கடல் மண். கதிரையில் இருக்கவில்லை.

"திறந்திட்டன் தங்கச்சி" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "சரி, உள்ளுக்க என்ன குழப்படி செய்து வச்சிருந்தவன்?" என்று ஆவலோடு கேட்டேன்.

"ஒண்டுமில்ல." அவர் தன் கையைப் பார்த்தபடி சொன்னார். "அவன் சொன்னது சரி. பெயரிங்தான் போயிருக்கு. மிச்சமெல்லாம் கழுவி, ஒயில் பூசி, உப்புக்காத்துப் படாமச் சீலையில சுத்தி வச்சிருக்கிறான். பழைய பெயரிங்கைக் கம்பியில கட்டி உள்ளயே தொங்க விட்டிருக்கிறான், சொந்தக்காரர் பார்க்கட்டும் எண்டு. போலிப் பெயரிங் போட்டிருந்தா அண்டைக்கே எஞ்சினைக் குடுத்திருக்கலாம். போடேல்ல. நான் செய்திருந்தாலும் இவ்வளவு வடிவாச் செய்திருக்கமாட்டன்."

என் கண் பெயின்ற் அடுக்குக்குப் போனது. அவருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது.

நான் எழுந்து நீலப் பெயின்ற் பேணியை எடுத்து மேசையில் வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு அது எனக்குச் சரியென்றே பட்டது. "திரும்ப மூடிட்டீங்கதானே? சின்னப் பொட்டு. யோகராசா வாய் திறக்கமாட்டார், நானும் திறக்கமாட்டன். நான் வாயை மூடுறன் எண்டு சொல்லுறது லேசுப்பட்ட விசயமில்ல நானா."

அவர் சிரித்தார். நீலப் பேணியைக் கையில் எடுத்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சங்கம் உடையாது, அவருடைய பேரும் கெடாது, எல்லாம் ஒரு துளி பெயின்றில் முடிந்துவிடும்.

"யாருக்கும் தெரியாதுதான்" என்றார். "ஆனா இந்தப் பொட்டு ஒருக்காப் பொய் சொன்னாக் காணும். பிறகு நடுக்கடலில நிக்கிறவன் எதைப் பார்த்து நம்புறது?"

பேணியை என் பக்கம் தள்ளிவைத்தார். "மஞ்சள் தாங்க."

"மஞ்சள் முடிஞ்சுது."

"உங்களுக்குப் பின்னால நாலு பேணி நிக்குது தங்கச்சி."

"உங்கட கராஜில இருக்கிறதை எடுத்துக்கொண்டு போங்களன்."

"கிண்ணியாவுக்குப் போய்த் திரும்பி வாறதுக்குள்ள மனம் மாறிப்போயிடும். பயமாக் கிடக்கு."

கொடுத்தேன். கொடுக்கும்போது கோபத்தில் பேணியை மேசையில் ஓங்கி வைத்தேன். அவர் மறுபடியும் சல்லிக்குப் போய், உடைந்த நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் தன் மஞ்சளை வைத்துவிட்டு வந்தார். இதைத் திறந்தவன் நான் என்று அந்த எஞ்சினில் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

அடுத்த போயாவன்று மாடி நிரம்பியது. வழக்கம்போல இருமல் கேட்டது. ஆனால் கதிரையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பக்கீர் நானா நேரே தலைவர் மேசைக்குப் போய், துணைத்தலைவர் ஸாஜித்தைப் பார்த்து, "இண்டைக்கு நீங்க நடத்துங்க. என்ட விசயம் வருது. நான் இதில இருக்கக்கூடாது" என்றார். ஸாஜித்தும் மூதூர்தான். பதறிப்போய்த் தலைவர் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். நானா சனத்தோடு சனமாகப் பின்வரிசையில் இடம்பிடித்து, பிறகு எழுந்து நின்று சொன்னார்.

"சல்லி யோகராசாட எஞ்சினில ஹஸ்மியிட நீலம் இருந்தது. நான் அவனைக் கேக்காமத் திறந்தன்."

மாடி இரைந்தது. ஹஸ்மி எழுந்து நின்றான், முகம் சிவந்து. அவன் பேசுவதற்குள் நகரப் பக்கத்து அங்கத்தவர் ஒருவர் கையை ஆட்டினார். "தலைவருக்கு மேற்பார்வை உரிமை இருக்குத்தானே? அவர் மேற்பார்வைக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்."

ஸாஜித் யாப்பைப் புரட்டத் தொடங்கினார். பக்கீர் நானா, "தேடாதீங்க, இல்ல" என்றார். "நான்தானே எழுதினது. தலைவருக்கு அப்படி ஒரு வாசல் வச்சா அவர் அதுக்குள்ளாலதான் போவார். அதுதான் வைக்கேல்ல."

"யோகராசாவில இரக்கப்பட்டுத்தானே நானா திறந்தீங்க?" என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். நல்ல மனதோடு போட்ட கயிறு. பிடித்து ஏறியிருக்கலாம்.

அவர் ஏறவில்லை. "இரக்கம் இருந்தது. ஆனா அதுமட்டும் எண்டு சொன்னாப் பொய். ஹஸ்மியிட்ட ஒரு பிழை கண்டுபிடிக்கலாம் எண்டு எனக்கு ஆசையும் இருந்தது. திறந்து பார்த்தன். பிழை இல்ல. எங்கட சங்கத்தில அதைவிட நல்ல வேலையை நான் பார்க்கேல்ல. அதையும் நீங்க எல்லாரும் கேக்கவேணும் எண்டுதான் இதில வச்சுச் சொல்லுறன்."

ஹஸ்மி மெல்ல உட்கார்ந்தான். திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

இப்போது ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள். மன்னித்துவிடலாம், எச்சரிக்கை போதும், சங்கத்தைக் கட்டியவரையே தண்டிப்பதா என்று. பேசும் ஒவ்வொருவரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். பக்கீர் நானா அதைக் கவனித்தார். "நான் கீழ கடையில இருக்கிறன். என்ட முகத்தைப் பார்த்து நீங்க கை தூக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகிற போக்கில் வரிசை பிசகி நின்ற ஒரு கதிரையை நேராக்கிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. செயலாளர் அழக்கூடாது என்று யாப்பில் இல்லைதானே.

அவர் போன பிறகு ஹஸ்மி ஒரு கேள்விதான் கேட்டான். "அவரிட மஞ்சளை நான் திறந்திருந்தா, என்னை மன்னிச்சிருப்பீங்களா?"

நகரப் பக்கத்தார் தலை குனிந்தார்கள், மூதூரார் அவர்களைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தால், பின்னால் பாதி மாடி போயிருக்கும். சங்கம் அன்றோடு சரி.

ஸாஜித் வாக்குக்கு விட்டார். நிறத்தை மாரி தொடங்கும்வரை நிறுத்துவது என்பதற்குக் கைகள் எழுந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கூடுதலாக. முன்பு மேற்பார்வை உரிமை என்றவருடைய கையும் அதில் இருந்தது. ஹஸ்மி இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்து நான் பேனையை மூடும்போது ஹஸ்மி மறுபடியும் எழுந்தான். "யோகராசா அண்ணை கோவப்பட்டதில பிழையில்ல. காத்திருக்கிற ஆளுக்கு எங்கட யாப்பில ஒரு வழியும் இல்ல. சொந்தக்காரர் கேட்டா, நிறம் வச்சவர் இன்னொரு அங்கத்தவரையும் கூட்டிக்கொண்டு போய், தானே திறந்து காட்டவேணும். நான் அண்டைக்கு மறுத்தது சரியில்ல. இதை யாப்பில போடுங்க." எல்லாக் கையும் எழுந்தது. என் கையும் எழுந்துவிட்டது; எனக்கு வாக்கில்லை என்று ஸாஜித் ஞாபகப்படுத்தினார்.

கீழே வந்தேன். பக்கீர் நானா விசிறிக்குக் கீழே, பாதி எழுந்தபடி இருந்தார். முடிவு என்னவென்று அவர் கேட்கவில்லை.

"ஆரும் எழும்பிப் போனவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல நானா. ஒருத்தரும் போகேல்ல. எல்லாரும் மேலதான் இருக்கினம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டார். நிறம் போனதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். தலையை ஆட்டினார், கடைக்குச் சாமான் வந்ததைக் கேட்டதுபோல. ஹஸ்மி கொண்டுவந்த திருத்தத்தைச் சொன்னதும்தான் முகம் மாறியது. "அது எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை" என்றார். கொஞ்சம் பொறாமையாகவே சொன்னார்.

அந்தப் பருவம் அவருக்கு நீளமாகத்தான் இருந்தது. கடல் முழுக்கப் படகு, கரை முழுக்க வேலை, அவருடைய கராஜ் பூட்டு. பழகிய கால் பாலத்தைத் தாண்டி என் கடைக்கு வந்துவிடும். வந்து கதிரையில் இருப்பார். பழைய வாடிக்கையாளர் யாராவது, "நானா, சத்தத்தையாவது கேட்டுச் சொல்லுங்க" என்று எஞ்சினோடு வந்தால் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வார். "நிறமுள்ள ஆளிட்டப் போங்க" என்பார். ஆள் போனதும் வெறுங்கையைத் துணியில் துடைப்பார். குசினிக் கதவைத் திருத்தினாரா என்று ரபீக்காவைக் கேட்டேன். "கதவு மட்டுமா? வீட்டில கழட்டிப் பூட்ட இனி ஒண்டும் மிச்சமில்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

பெயரிங் ஒருவழியாகக் கொழும்பிலிருந்து வந்தது. அந்தக் காலை ஹஸ்மி என் கடை வாசலில் பைக்கை நிறுத்தினான். கையில் பெட்டி பிரிக்காத பெயரிங். நேரே சல்லிக்குப் போகவேண்டியவன், உள்ளே வந்தான். பக்கீர் நானா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை. ஏதும் சச்சரவு வந்தால் நடுவில் பாய்வதற்கு நான் எழுந்தே நின்றேன்.

ஹஸ்மி கதிரையில் இருக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்தான்.

"நானா, சல்லி எஞ்சினில உங்கட மஞ்சள் இருக்கு. நான் திறக்கலாமா?"

பக்கீர் நானா பேப்பரை இறக்கினார். "என்ட நிறத்தைத்தான் சங்கம் எடுத்திட்டுதே ஹஸ்மி. நீ என்னட்டக் கேக்கத் தேவையில்ல."

"நீங்க அதில வைக்கேக்க உங்களுக்கு நிறம் இருந்தது" என்றான் ஹஸ்மி. "கேக்காமத் திறக்க ஏலாது."

நானா பேப்பரை மடித்தார், மறுபடியும் மடித்தார், இனி மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார். ஹஸ்மி அவசரப்படவில்லை. நின்றான்.

"திற" என்றார் பக்கீர் நானா.